குதிரைக்குப் பக்கத்தில் நடக்கிற வேலை

“அண்ணை, பிள்ளையைக் குதிரையில ஏத்தினா நடப்பானோ?”

சனிக்கிழமைகளில் ஊனமுற்ற பிள்ளைகள் குதிரை ஏறிப் பழகுகிற இடத்துக்கு நான் போகிறேன் என்பது ஆட்களுக்குத் தெரியவந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாம் மீன்கடை வரிசையில் கேட்டிருக்கிறார்கள். செத்தவீட்டில் கேட்டிருக்கிறார்கள். கனடாவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தாய் நடுச்சாமத்தில் வாட்ஸப்பில் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றாமல், ஒருதரம் எழுதிவைத்துவிட்டு லிங்கை அனுப்புங்கோ என்றார் மனைவி. அதுதான் இந்தப் பதிவு.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். குதிரையில் ஏறியதால் மட்டும் நடக்காத பிள்ளை நடக்காது. நடக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால், அதற்குக் காசும் கேட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழும்பி வாருங்கள். பிறகு ஏன் நான் குளிரிலும் சேற்றிலும் போய் நிற்கிறேன் என்று கேட்டால், அதற்குக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவான். தபால் பிரிக்கிற இடத்தில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவன். குதிரை என்றால் எனக்குத் தெரிந்தது நெடுந்தீவு மட்டக்குதிரைகள்தான். குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் நெடுந்தீவில் மாமி வீடு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் அந்தக் குதிரைகள் அங்கே வெட்டையில் தன்பாட்டில் மேயும். கிட்டப் போனால் உதைக்கும் என்று மாமி வெருட்டி வைத்திருந்ததால் பனைக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. அவற்றில் ஏறலாம் என்ற யோசனையே எங்களுக்கு வந்ததில்லை.

இங்கே எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெடியன். பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி). கால்கள் இரண்டும் இறுகி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வோக்கர் பிடித்தால் நாலடி வைப்பான், இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. எசெக்ஸ் பக்கம் ஒரு குதிரை லாயத்தில், ஊனமுற்ற பிள்ளைகளுக்குக் குதிரையோட்டம் பழக்குகிற தொண்டுக் குழு ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. தகப்பனுக்குச் சனிக்கிழமை கடையில் வேலை, தாய்க்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் சாரதியாகப் போனேன். காருக்குள் இருந்து பேப்பர் பார்ப்பதுதான் என் திட்டம். ஒருநாள் அங்கே தொண்டர்கள் ஆள் குறைவு. பயிற்சியாளரான ஆங்கிலேய அம்மா வந்து, முதலில் என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அரை மணித்தியாலம் விடாமல் நடப்பீர்களா?” என்று கேட்டார். இரவிரவாக நின்று கடிதம் பிரித்தவனிடம் கேட்கிற கேள்வி!

வேலை இதுதான். குதிரையின் தலைப்பக்கம் ஒருவர் கயிற்றோடு நடப்பார். அவர் பிள்ளையைப் பார்க்கக்கூடாது, கண் முழுக்கக் குதிரையில்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நடக்கிற இரண்டு பேர் குதிரையை மறந்துவிட்டுப் பிள்ளையை மட்டும் பார்க்க வேண்டும். நடுவில் நிற்கிற பயிற்சியாளர் எல்லாரையும் பார்ப்பார். ஒரு பிள்ளைக்கு நாலு பெரிய ஆட்கள். இடத்துக்காகப் பிள்ளைகள் நீண்ட வரிசையில் காத்திருப்பது ஏன் என்று அன்றே விளங்கிவிட்டது.

ஏற்றுவதே ஒரு பெரிய காரியம். ஹெல்மெட் போட மட்டும் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்காகும். தலையில் கைபட்டாலே அலறுகிற பிள்ளைக்கு அது ஒரு மலை. அந்த மாதங்களில் அந்தப் பிள்ளை குதிரைக்குக் கரட் கொடுக்கும், தூரிகையால் முதுகைத் தேய்க்கும், வீட்டுக்குப் போகும். யாரும் அவசரப்படுத்துவதில்லை. பிறகு சாய்தளம். நாற்காலியை அதில் தள்ளிக்கொண்டு ஏறினால் பிள்ளையும் குதிரையின் முதுகும் ஒரே மட்டத்துக்கு வரும். பிள்ளை கத்தலாம், காலை உதறலாம், ஹெல்மெட்டைக் கழற்றி எறியலாம். குதிரை அசையக்கூடாது. எல்லாக் குதிரையும் இதற்குச் சரிவராது. புதிதாக ஒன்று வந்தால் குடையை விரித்துக் காட்டுவார்கள், பந்தை உருட்டுவார்கள், சக்கர நாற்காலியை மூக்குக்கு முன்னால் ஓட்டுவார்கள். வெருளுகிற குதிரை, எவ்வளவு வடிவென்றாலும், திரும்பிப் போகும்.

எங்கள் பெடியனுக்கு வாய்த்தது அகன்ற முதுகும் குளம்பை மூடுகிற மயிரும் உள்ள ஒரு கறுத்தக் கொப், கட்டையான, பலமான வகைக் குதிரை. அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது. நாங்கள் இருவரும் எங்களுக்குள் கறுவல் என்று கூப்பிடுகிறோம்.

சில நாட்களில் சேணம் போடுவதில்லை. தடித்த ஆட்டுத்தோல் விரிப்பும், கைபிடி வைத்த ஒரு வாரும் மட்டும். குதிரையின் உடம்புச் சூடு 38 பாகை அளவு, எங்களுடையதை விடக் கொஞ்சம் கூட. அந்தச் சூடு விரிப்புக்கூடாகத் தொடையில் இறங்கும். கால்களை அகட்டி இருக்கிற இருப்பும் இந்தச் சூடும் சேர, இறுகிக் கிடக்கிற உட்தொடைத் தசைகள் மெல்ல மெல்ல இளகுவதை என் முன்கையில் உணர்ந்திருக்கிறேன். ஏறும்போது விறகாக இருக்கிற கால், மூன்று நாலு சுற்றுக்குப் பிறகு தொங்கத் தொடங்கும்.

அதற்கு மேல் செய்வது குதிரையின் நடை. ஓட்டம் இல்லை, பாய்ச்சல் இல்லை, வெறும் நடை. நடக்கிற குதிரையின் முதுகு முன்னும் பின்னும் ஆடும், பக்கவாட்டில் சரியும், கொஞ்சம் முறுகும். மனிதர் நடக்கும்போது இடுப்பு செய்கிற வேலையும் இவை மூன்றும்தான். தன் காலால் ஒழுங்காக நடந்தே பார்க்காத பிள்ளையின் இடுப்புக்கு, நடந்தால் எப்படி இருக்கும் என்பது கீழிருந்து வந்துசேருகிறது. நிமிடத்துக்கு 90 முதல் 110 அசைவு வரை வரும் என்கிறார்கள். அரை மணித்தியாலத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 3,000. ஒவ்வொரு அசைவுக்கும் பிள்ளையின் வயிறும் முதுகும் விழாமல் இருக்கத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதே பயிற்சியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தி 3,000 தரம் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளை செய்யும்?

அமெரிக்காவில் 2003இல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. பெருமூளை வாதம் உள்ள 15 பிள்ளைகள். ஒரு பகுதியை எட்டு நிமிடம் குதிரையில் இருத்தினார்கள், மற்றப் பகுதியை எட்டு நிமிடம் அசையாத பீப்பாயில் கால் அகட்டி இருத்தினார்கள். குதிரையில் இருந்தவர்களுக்கு இடது வலது தசைகளின் வேலை கூடச் சமப்பட்டது, பீப்பாய்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அகட்டி இருப்பது மட்டும் போதாது, அசைவுதான் விசயம் என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் 15 பிள்ளைகள், எட்டு நிமிடம். இதைக் கொண்டுபோய் “குதிரைச் சவாரியால் வாதம் குணமாகும்” என்று யூடியூப்பில் தலைப்புப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சரி, பக்கத்தில் நடக்கிறவனுக்கு என்ன வேலை? பிடிப்பதுதான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். முதலில் பிடிக்கத்தான் பழக்குகிறார்கள்: முன்கையைப் பிள்ளையின் தொடைக்கு மேலால் போட்டு, சேணத்தின் முன்விளிம்பைப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடிக்கத் தெரிந்த பிறகு விடப் பழக்குகிறார்கள். அதுதான் கஷ்டம். நான் இறுக்கிப் பிடித்தால் பிள்ளையின் முதுகு வேலை செய்யாது. என் கை அந்த வேலையைத் திருடிவிடும். ஆகவே தொடையிலிருந்து கையை எடுத்துக் கணுக்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு கணுக்காலிலிருந்தும் எடுத்து, தொடாமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக. ஊரில் வேட்டைத் திருவிழாவுக்குக் குதிரை வாகனம் காவினவர்களுக்கு இது தெரியும். ஒரு பக்கத்துத் தோள் கொஞ்சம் கூட ஏந்தினால் சாமி மற்றப் பக்கம் சரிந்துவிடும். பெடியனின் மற்றப் பக்கம் நடந்த பல்கலைக்கழகப் பிள்ளைக்கு நான் இதைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அடுத்த சுற்றில் என் காலடிக்குத் தன் காலடியைச் சரிசெய்துகொண்டாள்.

தாய்மாருக்கு இந்தக் கை விடுகிற விசயம் உயிர் போகிற விசயம். பெடியனின் தாய் வேலிக்கு வெளியே நின்று, “அண்ணை பிடியுங்கோ! பிடியுங்கோ!” என்று கத்துவார். அவன் சரிகிறான், நான் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு வருகிறேன், அவன் தானே நிமிருகிறான். வேலிக்கு வெளியே நிற்கிறவருக்குச் சரிந்தது மட்டும்தான் தெரியும். நிமிர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கண் பழக வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் பிள்ளையைத் தூக்கித் தூக்கியே வளர்த்துவிடுகிறோம். ஊனமுள்ள பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். சோறு தீத்துவதிலிருந்து சப்பாத்து மாட்டுவது வரை எல்லாம் நாங்களே. பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

பயிற்சியாளர் செய்விக்கிற விளையாட்டுகளை முதலில் நான் நேரம்போக்கு என்றுதான் நினைத்தேன். கம்பத்தில் வளையம் மாட்டச் சொல்வார். கடிதப்பெட்டி மாதிரி ஒன்றில் அட்டை போடச் சொல்வார். (தபாலில் வேலை செய்தவனுக்கு அதில் ஒரு தனிச் சந்தோசம்.) அட்டை போட அவன் ஒரு பக்கம் திரும்பி எட்ட வேண்டும், அப்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் முறுகும். வீட்டில் பிசியோதெரபிஸ்ட் கெஞ்சியும் செய்யாத அசைவு அது. குதிரையை நிறுத்து, நடத்து, நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். குதிரை நிற்கும்போது பிள்ளையின் உடம்பு முன்னுக்குப் போகப் பார்க்கும், புறப்படும்போது பின்னுக்கு. இரண்டையும் வயிற்றுத் தசையால் தடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு பிள்ளை குதிரையில் சும்மா சுற்றுகிற மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் குழு மாதிரியான இடங்களில் நடப்பது குதிரையோட்டப் பயிற்சி. பழக்குகிறவர் பயிற்சியாளர், வைத்தியர் அல்ல. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் குதிரையின் அசைவைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவது வேறு. இரண்டும் நல்லது. ஆனால் முதலாவதுக்குப் போய்விட்டு இரண்டாவதின் பலனைக் கேட்டுச் சண்டை பிடிக்கக்கூடாது. வீட்டில் செய்கிற பயிற்சியை நிறுத்தவும் கூடாது.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு அசைவை விட வேறு ஏதோ வேலை செய்கிறது. கொலராடோவில் 6 முதல் 16 வயது வரையான பிள்ளைகளைப் பத்துக் கிழமை வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகள் உண்மையான குதிரையில் ஏறினார்கள். மற்றவர்கள் லாயத்திலேயே ஆளுயரப் பொம்மைக் குதிரையை வைத்துக் குதிரையைப் பற்றிப் படித்தார்கள். உண்மையான குதிரைக்குப் போனவர்களுக்கு எரிச்சலும் துருதுருப்பும் குறைந்திருந்தது. நான் ஆய்வாளன் இல்லை. நான் கண்டது, குதிரை “என்னைப் பார்த்துக் கதை” என்று அந்தப் பிள்ளைகளை நெருக்குவதில்லை என்பதுதான். முதல் வார்த்தையே குதிரையின் மேல் பேசினான் என்ற கதைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. எங்கள் குழுவில் பேசாத ஒரு பெண்பிள்ளை இன்னும் பேசுவதில்லை. கறுவலின் கழுத்தில் தட்டினால் அது புறப்படும் என்று பிடித்துவிட்டாள். தட்டுகிறாள், போகிறது. அவளுக்கு அது போதும் போல இருக்கிறது, எனக்கும்தான்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று தேடிப்பார்த்தபோது டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் கிடைத்தார். 1944இல் 23 வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது போலியோ. முழங்காலுக்குக் கீழே கடைசிவரை செயலற்றுப் போயிற்று. பிள்ளை சுகமாகப் பிறந்தது. அவர் திரும்பக் குதிரைக்குப் போனார். ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும், ஆனால் ஏறிவிட்டால் மற்றவர்களில் ஒருத்தி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் டிரெஸ்ஸாஜ் என்கிற, குதிரையை ஒழுங்கான அசைவுகளில் நடத்திக் காட்டுகிற போட்டியில் பெண்களை முதன்முறை விட்டார்கள். அதுவரை அது இராணுவ அதிகாரிகளின் விளையாட்டு. அந்த முதல் தடவையே ஜூபிலி என்ற குதிரையில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம். தங்கம் வென்ற சுவீடன்காரர் சென் சீர்தான் அவர் மேடையேறக் கைகொடுத்தார். 1956இல் திரும்பவும் வெள்ளி.

அதற்குப் பிறகு ஐரோப்பாவில் பல இடங்களில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1964இல் சிக்வெல்லில் நடந்தது. இல்ஃபேர்டில் இருக்கிற எங்களுக்கு அது பக்கத்து ஊர். அந்த வழியால் எத்தனையோ தரம் போயும் எனக்குத் தெரியாது. 1969இல் ஆர்டிஏ (Riding for the Disabled Association) என்கிற, ஊனமுற்றவர்களுக்கான குதிரையோட்டக் குழுக்களின் நாடு தழுவிய சங்கம் உருவானது. இளவரசி ஆன் 1971 முதல் அதன் புரவலர், 1985 முதல் தலைவர். படத்துக்கு நிற்கிற தலைவர் இல்லை. அவரே ஒலிம்பிக்கில் குதிரை ஓட்டியவர்.

பெடியனுக்கு நான் அடிக்கடி சொல்வது சோஃபி கிறிஸ்டியன்சன் கதை. அவருக்கும் பெருமூளை வாதம். ஆறு வயதில் உடற்பயிற்சிக்காக ஆர்டிஏ குழு ஒன்றில் குதிரை ஏறியவர். 2012இல், ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிரீனிச் பூங்காவில், பராலிம்பிக்கில் மூன்று தங்கம். அதே போட்டிகளில் சிங்கப்பூருக்காக ஓட்டிய லோரன்ஷியா டான், பெருமூளை வாதத்தோடு காதும் கேளாதவர், இசைக்கேற்பக் குதிரையை நடத்துகிற போட்டியில் வெள்ளி வாங்கினார். மிகக் கூடிய ஊனம் உள்ளவர்களுக்கான முதல் பிரிவில் இன்று குதிரை ஓடுவதே இல்லை, நடை மட்டும்தான். “நடக்கிறதுக்கு மெடலோ?” என்று பெடியன் கேட்டான். ஓம் என்றேன். அன்று முழுக்க நிமிர்ந்து இருந்தான், அடுத்த கிழமை மறந்துவிட்டான்.

அவனுக்குப் பதக்கம் எல்லாம் பெரிய விசயமில்லை. தங்கச்சிக்குத் தன்மேல் பொறாமை என்பதுதான் பெரிய விசயம். அவள் பரதநாட்டியம், நீச்சல், கராத்தே என்று எல்லாவற்றுக்கும் போகிறவள். அவன் அப்போதெல்லாம் காருக்குள் காத்திருப்பவன். இப்போது சனிக்கிழமை அவள் வேலிக்கு வெளியே நிற்கிறாள். தாய்க்கும் ஒரு மாற்றம் இருக்கிறது. முன்பு சொந்தக்காரர் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால் மகளைப் பற்றி மட்டும் சொல்லுவார். இப்போது “மகன் ரைடிங் போறவன்” என்கிறார். குதிரையோட்டம் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணம் இந்த ஒரு தரம் நன்மை செய்திருக்கிறது.

எல்லாப் பிள்ளையையும் ஏற்றமாட்டார்கள், ஏற்றவும் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிடிப்புத் தளர்வாக இருக்கும். அவர்களுக்கு வைத்தியரின் அனுமதி கட்டாயம் வேண்டும். இடுப்பு மூட்டு விலகியிருந்தால், வலிப்பு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், எலும்பு சுலபமாக முறிகிற நோய் இருந்தால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். படிவத்தில் இதையெல்லாம் மறைக்காமல் எழுதுங்கள். இடம் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து வலிப்பை எழுதாமல் விட்ட பெற்றோரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பிள்ளை விழுந்தால் தாங்குவது பக்கத்தில் நடக்கிற என்னைப் போன்ற கிழவன், அதை மறக்கவேண்டாம்.

இன்னொரு விசயம், யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். பிள்ளை வளரும். குதிரை தன் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு, அதில் சேணமும் அடங்கும். தானாக நிமிர்ந்து இருக்க முடியாத பிள்ளை பாரமாக ஆக, குதிரைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நடக்கிறவர்களுக்கும் முடியாமல் போகும். சில பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் இது நின்றுவிடுகிறது. குதிரைக்கும் வயது போகிறது. கறுவலுக்குக் கால் மூட்டில் நோவு தொடங்கியிருக்கிறது, அதனால் அதன் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை லாடக்காரர் வரவேண்டும், வைக்கோல், மிருக வைத்தியர், எல்லாம் காசு. தொண்டுக் குழுக்கள் கேக் விற்றும் நடைபவனி வைத்தும் சேர்க்கிற காசு. எங்கள் கோயில் ஒன்று கொஞ்சம் உதவினால் நல்லது என்று ஒரு நிர்வாகியிடம் கேட்டுப் பார்த்தேன். கொடிமரத்துக்குக் கவசம் செய்கிற வருடம் என்றார். சரி, அடுத்த வருடம் கேட்போம்.

அந்தக் கனடாத் தாய்க்கு நான் கடைசியில் சொன்னது: நடப்பானோ என்று கேட்காதேங்கோ, ஐந்து நிமிடம் சாயாமல் இருக்கிறானோ என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கோ. எங்கள் பெடியன் இப்போது சாப்பாட்டு மேசையில் தலையணை முட்டுக் கொடுக்காமல் இருந்து சாப்பிடுகிறான். அது குதிரையாலா, பள்ளிக்கூடத்துப் பிசியோதெரபியாலா, வளர்ந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்றும் சேர்ந்துதான் இருக்கும். இன்னும் வோக்கர்தான், இன்னும் நாற்காலிதான்.

இங்கிலாந்தில் இருக்கிறவர்கள் உங்கள் பகுதி ஆர்டிஏ குழுவைத் தேடிப் பெயரைப் பதிந்து வையுங்கள், காத்திருக்க வேண்டிவரும். பிள்ளைக்கு இடம் கேட்கிறபோதே வீட்டில் ஓய்வாக இருக்கிற அப்பு, அம்மம்மா, சித்தப்பா யாரையாவது தொண்டராகவும் பதிந்துவிடுங்கள். குதிரை பற்றி ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. பொலிஸ் பதிவு பார்க்கிற படிவம் ஒன்று நிரப்ப வேண்டும், பிறகு அவர்களே பழக்குவார்கள். நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகவேண்டாம்.